கடலூர், புதுச்சேரி பக்கம் ஒரு பிக்குணி மடம் நிலைச்சு நிக்க: ஊர் உதவி, அரசு உதவி ரெண்டுக்கும் முழுமையான வழிகாட்டி

உங்க ஊருக்கு ரெண்டு மூணு பிக்குணிகள், அதாவது பௌத்தப் பெண் துறவிகள், வந்து தங்க சம்மதிச்சிருக்காங்க, இல்லன்னா உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தரே துறவு எடுத்துட்டு திரும்பி வந்திருக்காங்க, அவங்களுக்கு ஒரு மடம் அமையணும்னு அஞ்சாறு குடும்பம் ஆசைப்படுது, ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இதை எழுதறேன். இந்த வேலையில கூட இருந்து செஞ்சிருக்கேன், புதுசா இறங்கறவங்க எங்க தடுக்கி விழறாங்கன்னும் பாத்திருக்கேன்.

தடுக்கற இடம் அநேகமா எல்லாருக்கும் ஒண்ணுதான், வரிசை தலைகீழா போயிடுது. முதல்ல டெல்லில கிராண்ட் கிடைக்குமான்னு விசாரிப்பாங்க, அப்புறம் நிலம், அப்புறம் பெரிய புத்தர் சிலை, கடைசிலதான் "நாளைக்கு அம்மாங்களுக்கு சாப்பாடு யாரு குடுக்கறது"ன்னு கேள்வி வரும். சரியான வரிசை இது: சாப்பாடு, காசு பாத்துக்க ஆள், வாடகை வீடு, ட்ரஸ்ட் பத்திரம், வருமான வரிப் பதிவு, சொந்த நிலம், கட்டடம், அதுக்கப்புறம்தான் அரசு மானியம். ஏன்னா அரசு எதையும் புதுசா உண்டாக்கித் தராது, ஏற்கனவே நடந்துட்டு இருக்கற ஒண்ணுக்குத்தான் கை கொடுக்கும், அதுவும் மூணு வருஷக் கணக்கைப் பாத்துட்டுத்தான்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

வாரத்துல ஒரு நாளாவது சாப்பாட்டுப் பொறுப்பு எடுத்துக்கற ஏழெட்டு குடும்பம் வேணும். பகல்ல வீட்ல இருக்கற, பேச்சுல தெளிவான ரெண்டு பெண்கள் வேணும். பத்திரம், பட்டா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், ரிட்டையர் ஆன விஏஓவோ, வங்கி ஊழியரோ கிடைச்சா ரொம்ப நல்லது. ஒரு ஆடிட்டர் வேணும், அவர் ட்ரஸ்ட் வேலை ஏற்கனவே செஞ்சவரா இருக்கணும், கடைக்கு ஜிஎஸ்டி போடறவரை வெச்சு இதை ஓட்டாதீங்க.

பணம் எவ்வளவுன்னு முதல்ல எல்லாரும் கேப்பாங்க. ஒரு வருஷத்து வாடகையும் மருந்துச் செலவும் கையில இருந்தா ஆரம்பிக்கலாம். அதுக்குக் கீழ இருந்தா பிக்குணிகளை வரச் சொல்லாதீங்க, அவங்களை பாதில அனுப்பற நிலைமை வரவே கூடாது.

2. பிக்குணிகள் கிட்ட உக்காந்து அவங்க விதிகளைக் கேட்டு எழுதிக்கோங்க

இதை யாருமே செய்யறதில்ல, எல்லாரும் நாமளே ஊகிச்சுக்கறோம். வந்திருக்கறவங்க முழு உபசம்பதை (முழுத் துறவு தீட்சை) வாங்கின பிக்குணியா, சாமணேரியா (இளநிலைத் துறவி), பத்து சீலம் (பத்து ஒழுக்க உறுதி) மட்டும் எடுத்தவங்களான்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா விதிகளோட அளவே மாறும். தேரவாத பிக்குணிக்கு பாதிமோக்க விதிகள், அதாவது துறவு ஒழுக்க விதிகள், மட்டும் 311. மகாயான மரபுல வந்தவங்களா இருந்தா அவங்க விதித் தொகுப்பே வேற, பலரும் முழு சைவம். தேரவாதத்துல தனக்காகக் கொன்னதுன்னு பாக்காத, கேக்காத, சந்தேகப்படாத மீனோ கறியோ ஏத்துக்கலாம்னு விதி இருக்கு, ஆனா அவங்க விருப்பம் என்னன்னு கேட்டுக்கோங்க, கடலூர்ல பாதி வீட்ல மீன் குழம்புதான் முதல்ல ஞாபகம் வரும்.

கேக்க வேண்டிய முக்கியமான கேள்விகள்: மதியம் 12 மணிக்கு மேல என்ன எடுத்துக்கலாம், காசு தொடுவாங்களா, தனியா பயணம் போகலாமா, ராத்திரி தனியா தங்கலாமா, மழைக்கால வாசத்துக்கு (மூணு மாசம் ஒரே இடத்துல தங்கறது) பக்கத்துல பிக்கு (ஆண் துறவி) யாராவது இருக்கணும்னு அவங்க மரபு எதிர்பாக்குதா. முழு பிக்குணிக்கு ஊர் விட்டு ஊர் தனியா போறதும், ராத்திரி தனியா தங்கறதும் விதிப்படி பெரிய குற்றம். அதனால ஒரே ஒரு பிக்குணிக்குன்னு மடம் திட்டம் போடாதீங்க, குறைஞ்சது ரெண்டு பேர், அது முடியலன்னா நிரந்தரமா கூடத் தங்கற ஒரு உபாசிகை, அதாவது துறவு எடுக்காத பக்தை.

இதெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி, அவங்க கிட்டயே படிச்சுக் காட்டி, சமையல் கட்டுச் சுவத்துல ஒட்டுங்க. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா மேல போயிடும், யாரும் தேடிப் பாக்க மாட்டாங்க.

3. சாப்பாட்டு முறையை மூணு மாசம் ஓட்டிப் பாருங்க

எல்லாத்துலயும் முக்கியமான படி இதுதான், மத்தது எல்லாம் இதுமேலதான் நிக்கும். மகளிர் சுய உதவிக் குழு ஏற்கனவே ஓடற ஊரா இருந்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரி, ஏன்னா அவங்களுக்கு முறை வெச்சு வர, நோட்டுல எழுத, வராதவங்களைக் கேக்க எல்லாம் பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு வீடு முக்கியப் பொறுப்பு, இன்னொரு வீடு மாத்து. மாத்து வீடு இல்லாம முறை போட்டா முதல் கல்யாண முகூர்த்த நாள்லயே பட்டினி விழும், வைகாசில பாருங்க, எல்லாரும் ஒரே நாள்ல வெளியூர்ல இருப்பாங்க.

நேரம்: காலைல கஞ்சியோ இட்லியோ, முக்கிய உணவு 11 மணிக்குள்ள கையில குடுத்து முடிஞ்சிருக்கணும். வெச்சுட்டுப் போயிடறது பத்தாது, முறையா கையில அளிக்கணும், அளிக்காததை அவங்க எடுத்துச் சாப்பிட மாட்டாங்க. நல்ல மனசோட டிபன் கேரியரை வாசல்ல மாட்டிட்டு வேலைக்குப் போனவங்களோட சாப்பாடு அப்படியே இருந்ததை நான் பாத்திருக்கேன், குடுத்தவங்களுக்கு வருத்தம், அம்மாங்களுக்கு அதைவிட வருத்தம்.

சாயங்காலம் டீ கொண்டு வர்றது அடுத்த தப்பு. பல மரபுல பால் உணவுக் கணக்கு, மதியத்துக்கு மேல ஆகாது. சுக்குக் காபி, வடிகட்டின பழச்சாறு, கருப்பட்டித் தண்ணி, பனங்கற்கண்டு இதெல்லாம் குடுக்கலாம். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் அஞ்சும் மருந்துக் கணக்குல வரும், ஒரு தடவை வாங்கினா ஏழு நாள் வெச்சுக்கலாம்.

அரிசி மூட்டை தானம் பண்ணணும்னு பலர் வருவாங்க. சமைக்காத தானியத்தை பிக்குணிகள் ஏத்துக்கறதில்ல. அதனால மூட்டை குழுவோட ஸ்டோருக்குப் போகணும், எடை எழுதணும், சமைச்சு அளிக்கறது குழு வேலை. இதைத் திண்ணையிலயே சொல்லிடுங்க, சிலை முன்னாடி மூட்டையை இறக்கினப்புறம் சொன்னா கொண்டு வந்தவங்க மனசு நோகும்.

முறை நோட்டுல பேர் எழுதத் தயங்கற குடும்பங்கள் இருக்கும். காரணம் பெரும்பாலும் சாதிச் சான்று பயம்தான், பௌத்தம்னு பேர் வந்தா பிள்ளைங்க எஸ்சி சலுகை போயிடுமோன்னு. போகாது. 1950-ம் வருஷ பட்டியல் சாதி ஆணைல 1956-ல சீக்கியரையும் 1990-ல பௌத்தரையும் சேர்த்துட்டாங்க, அதனால பட்டியல் சாதிக் குடும்பம் பௌத்தம் ஏத்தாலும் அந்தத் தகுதி தொடரும். இதைப் பொறுமையா, வீட்டுக்குள்ள உக்காந்து விளக்குங்க. முறைல சேர பௌத்தரா இருக்கணும்னு ஒண்ணும் இல்லைங்கறதையும் சொல்லுங்க, எங்க பக்கம் மாரியம்மன் கோயில் கூழ் ஊத்தற வீட்டுக்காரங்கதான் பல நாள் முதல் ஆளா வந்து நிக்கறாங்க.

4. காசு யார் கையில? பொறுப்பாளரை முடிவு பண்ணுங்க

பத்து சீலத்துல கடைசிச் சீலமே பொன், வெள்ளி, பணம் ஏத்துக்காம இருக்கறது. அதனால மடத்துக் காசைப் பாத்துக்க ஒரு கப்பியர், அதாவது பிக்குணிகள் சார்பா வாங்கிக் குடுக்கற பொறுப்பாளர் வேணும். இது பெண்ணா இருக்கணும்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா உள்ளாடை, மாதவிடாய்ப் பொருள், மருந்து இதெல்லாம் அவங்க ஒரு ஆம்பளை கிட்ட கேக்க மாட்டாங்க, கேக்காமலே சமாளிச்சுட்டு உடம்பைக் கெடுத்துப்பாங்க.

பொறுப்பாளருக்கு மேல மூணு பேர் குழு, அதுல ரெண்டு பேர் பெண்கள். மாசம் ஒரு பௌர்ணமி அன்னிக்கு வரவு செலவை சத்தமா படிக்கணும். இப்போ ட்ரஸ்ட் இல்ல, வரி இல்ல, எதுக்கு இதெல்லாம்னு தோணும். இந்தப் பழக்கம் இப்பவே வந்தாத்தான் மூணு வருஷம் கழிச்சு ஆடிட்டர் கேக்கறப்போ காகிதம் இருக்கும்.

ஒருத்தரோட சொந்த ஜிபே நம்பருக்கு நன்கொடை வாங்காதீங்க. ஆரம்பத்துல சௌகரியமா இருக்கும், ஆனா அது அவரோட சொந்தக் கணக்குல வந்த பணமா வங்கில பதிவாகும், ஊர்லயும் பேச்சு வரும், அப்புறம் நல்லவங்க ஒதுங்கிடுவாங்க. ட்ரஸ்ட் வர்ற வரைக்கும் குழுவுல ரெண்டு பேர் பேர்ல ஜாயிண்ட் கணக்கு வெச்சு, ரசீது புக் நம்பர் போட்டு வாங்கறது போதும்.

5. முதல்ல வாடகை வீடு, நிலம் அப்புறம்

நிலம் தானமா குடுக்கறேன்னு ஒருத்தர் சொன்னதும் எல்லாரும் அங்க ஓடுவாங்க. ஊரை விட்டுத் தள்ளி, தெரு விளக்கு இல்லாத இடமாத்தான் பல தடவை அது இருக்கும். ஆண் துறவிகளுக்கு அது சரிப்படலாம், பெண்கள் மடத்துக்கு அக்கம்பக்கம் வீடு இருக்கணும், கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒரு குடும்பம் இருக்கணும், பஸ் ஸ்டாப் நடக்கற தூரத்துல இருக்கணும், ஆஸ்பத்திரி பக்கம் இருக்கணும். கடலூர்ல அரசு தலைமை மருத்துவமனை, பெரிய வியாதின்னா எல்லாரும் ஜிப்மர்தான் போவோம், அந்தப் பாதையில இருக்கற ஊரா பாருங்க.

ஒரு வருஷம் வாடகைல ஓடினாத்தான் எத்தனை அறை வேணும், பக்தர் வந்தா எங்க உக்காருவாங்க, ஆண்கள் எந்த வாசல் வழியா வரணும் எல்லாம் தெரியும். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் போடுங்க, வாய்ப்பேச்சு வேண்டாம், பின்னாடி ட்ரஸ்ட் முகவரிக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம். ஆண்கள் வேலைக்கோ ரிப்பேருக்கோ உள்ள போனா கூட ஒரு பெண் இருக்கணும்ங்கற விதியை முதல் நாள்லேர்ந்து வையுங்க. நம்பிக்கை இல்லாததால இல்ல, மறைவான இடத்துல ஆணோட தனியா இருக்கக் கூடாதுன்னு அவங்க விதியே சொல்லுது.

6. ட்ரஸ்ட் பத்திரம்

தமிழ்நாட்டுப் பக்கம் ரெண்டு வழி: சார்பதிவாளர் ஆபீஸ்ல ட்ரஸ்ட் பத்திரம், இல்ல 1975-ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல சங்கம், அதுக்குக் குறைஞ்சது ஏழு பேர் வேணும். புதுச்சேரில சங்கம்னா 1860-ம் வருஷ மத்திய சட்டம். நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பம் சொல்றேன்: முள்ளோடை தாண்டினா வேற மாநிலம், ஆனா குடும்பம் ரெண்டு பக்கமும் இருக்கும். ட்ரஸ்டை புதுச்சேரில பதிஞ்சுட்டு நிலத்தை ரெட்டிச்சாவடில வாங்கினா சட்டப்படி தப்பு இல்ல, ஆனா ஒவ்வொரு ஆபீஸ்லயும் "நீங்க அந்தப் பக்கம் போங்க"ன்னு திருப்புவாங்க. மடம் எங்க வருமோ அங்கயே பதியுங்க.

பத்திரத்துல கட்டாயம் வர வேண்டியது: மீட்டுக்க முடியாத ட்ரஸ்ட்ங்கற வரி, மடத்து நிலத்தை விக்க அடமானம் வைக்க பிக்குணிகள் எழுத்து மூலம் சம்மதிக்கணும்ங்கற வரி, ட்ரஸ்டிகள்ல பாதிக்கு மேல பெண்கள், ட்ரஸ்ட் கலைஞ்சா சொத்து இதே நோக்கம் உள்ள இன்னொரு ட்ரஸ்டுக்குப் போகணும், ட்ரஸ்டிகளுக்கு இல்ல. ரெண்டாவது வரியை விட்டுடற பத்திரங்கள் நிறைய, தானம் குடுத்தவரோட பசங்க காலத்துல சண்டை அங்கேர்ந்துதான் வரும்.

நோக்கம் எழுதறப்போ ரொம்ப கவனம். மடம் நடத்தறது, பூஜை, துறவிகளைப் பேணறது இதெல்லாம் சமய நோக்கம். நூலகம், இலவச மருத்துவ முகாம், டியூஷன் இதெல்லாம் தர்ம நோக்கம். ரெண்டையும் ஒரே பத்திரத்துல கலந்தா 80ஜி (நன்கொடை குடுக்கறவருக்கு வரிச் சலுகை தர்ற அனுமதி) கிடைக்கறது கஷ்டம், ஏன்னா ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்குன்னு அமைஞ்ச அமைப்புக்கு 80ஜி கிடையாது, அனுமதி வாங்கினதுகூட வருமானத்துல 5 சதவீதத்துக்கு மேல சமயச் செலவு பண்ணக் கூடாது. என் கருத்து என்னன்னா முதல்ல மடத்துக்குன்னு ஒரு சமய ட்ரஸ்ட் மட்டும் போடுங்க. நூலகமோ மருத்துவமோ உண்மையிலேயே நடக்க ஆரம்பிச்சப்புறம் அதுக்குன்னு ரெண்டாவது ட்ரஸ்ட் போடுங்க, அதுல "பௌத்தருக்கு மட்டும்"னு எழுதாம எல்லாருக்கும்னு எழுதுங்க, மட்டும்னு எழுதினா வரி விலக்கே அடிபடும்.

7. பான், வங்கி, வரிப் பதிவு

வரிசை: பான் கார்டு, வங்கிக் கணக்கு, 12ஏ பதிவு (ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), நிதி ஆயோக்கோட என்ஜிஓ தர்பன் பதிவு. தர்பன் நம்பர் இல்லாம மத்திய அரசு மானியத்துக்கு விண்ணப்பமே உள்ள போகாது. 12ஏ முதல்ல தற்காலிகமா மூணு வருஷத்துக்குக் கிடைக்கும், அது முடியறதுக்கு முன்னாடியே முறையான (ரெகுலர்) பதிவுக்குக் குடுக்கணும், இந்தத் தேதியை மறந்து பதிவு போன ட்ரஸ்ட் நிறைய. 12ஏ, 80ஜின்னு எல்லாரும் சொல்றது பழைய சட்டத்து எண்கள், 2025-ம் வருஷ புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறை, அதுல எண்கள் மாறுது, ஆடிட்டர் வேற நம்பர் சொன்னா பதறாதீங்க.

உண்டியல் மடத்து ட்ரஸ்ட்ல வைக்கலாம். தர்ம ட்ரஸ்ட்ல வைக்காதீங்க, பேர் தெரியாத நன்கொடை ஒரு அளவைத் தாண்டினா அதுக்கு 30 சதவீதம் வரி. 80ஜி கிடைச்ச ட்ரஸ்டுக்கு ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா குடுத்தவருக்கு வரிச் சலுகை கிடையாது, இதை ரசீதுலயே அச்சடிச்சுடுங்க. வருஷா வருஷம் மே 31-க்குள்ள நன்கொடையாளர் பட்டியலை ஆன்லைன்ல ஏத்தணும், ஏத்தலன்னா அவங்களுக்குச் சான்று வராது, அடுத்த வருஷம் குடுக்க மாட்டாங்க.

8. வெளிநாட்டுக் காசு: நம்ம பக்கம் இதுதான் பெரிய கண்ணி

புதுச்சேரில பிரெஞ்சு பாஸ்போர்ட் வெச்சிருக்கற குடும்பம் எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். லாஸ்பேட்டைல பொறந்து வளந்த அண்ணன்தான், தமிழ்தான் பேசுவார், இங்கயே பென்ஷன் வாங்கறார், ஆனா அவர் பிரெஞ்சு பிரஜைன்னா அவர் குடுக்கற 500 ரூபாயும் வெளிநாட்டு நன்கொடை, ரூபாயா குடுத்தாலும் இங்க வெச்சுக் குடுத்தாலும் அப்படித்தான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தர்றது) இருந்தாலும் மாறாது. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துல பதிவு இல்லாம வாங்கினா குற்றம். அதே சமயம் துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வேலை பாக்கற இந்திய பாஸ்போர்ட் காரர் தன் சேமிப்புலேர்ந்து வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கிடையாது. அதனால ரசீதுல "இந்தியக் குடிமகன் / குடிமகள்"னு ஒரு டிக் கட்டம் வையுங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க.

இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் பௌத்தர்கள் உதவ ஆசைப்படறது சகஜம். அதுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேணும்னா அமைப்பு மூணு வருஷம் நடந்திருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காக செலவு பண்ணியிருக்கணும், காசு டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குல மட்டும்தான் முதல்ல இறங்கணும். சின்ன மடத்துக்கு இது ஆரம்பத்துல தேவையில்லாத பாரம்னு நினைக்கறேன். அன்பா நன்றி சொல்லிட்டு, இப்போ வாங்க முடியாதுன்னு எழுதுங்க. சிலையா அனுப்பறேன்னு சொன்னாலும் அப்படியே வாங்கிடாதீங்க, பொருளும் இந்தச் சட்டத்துல வரும், ஆடிட்டரைக் கேட்டுட்டுப் பதில் சொல்லுங்க.

வெளிநாட்டு பிக்குணி வந்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்கற விவரத்தை (ஃபார்ம் சின்னு சொல்றது) ஆன்லைன்ல ஏத்தணும். டூரிஸ்ட் விசால வந்தவங்க பிரசங்கம் பண்ணக் கூடாது, கேக்கறதும் தியானத்துல உக்காரறதும் பிரச்சனை இல்ல. லோக்கல் ஸ்டேஷன்ல முன்கூட்டியே போய்ச் சொல்லி வெச்சுட்டா ராத்திரி யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க.

9. பிக்குணிகளோட சொந்த உரிமைகள்

ட்ரஸ்ட் வேலை ஓடறப்பவே இதையும் செய்யுங்க, மானியத்தை விட சீக்கிரம் கிடைக்கும். முதல் முடிச்சு பேர்தான். ஆதார்ல பழைய பேர், மடத்துல பாலிப் பேர், ஆஸ்பத்திரி சீட்டுல இன்னொரு ஸ்பெல்லிங். ஒண்ணு எல்லா அரசுக் காகிதத்துலயும் பழைய பேரையே விட்டுடுங்க, இல்லன்னா அரசிதழ்ல பேர் மாத்தி ஆதார், பான், வங்கி எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்துங்க. பாதி மாத்தி பாதி விடறதுதான் ஆபத்து.

தமிழ்நாட்டுப் பக்கம் முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேணும். துறவு எடுத்தவங்க பேர் அப்பா வீட்டுக் கார்டுலயே இருக்கும், எடுத்துடலாம்னு அவசரப்பட்டு நீக்கிடாதீங்க, புதுக் கார்டு கையில வந்தப்புறம் நீக்குங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சம் வரைக்குமான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபர்ல தொடங்கினாங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில அதை எடுத்துக்கறாங்கன்னு நேர்ல கேட்டு எழுதி வையுங்க.

ஆதரவற்ற முதியோருக்கு 60 வயசுலேர்ந்தும், திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயசுலேர்ந்தும் மாநில ஓய்வூதியம் இருக்கு, 2023-ல அதை மாசம் 1,200 ரூபாயா உயர்த்தினாங்க. புதுச்சேரில தொகையும் வயசு வரம்பும் வேற. விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி அம்மாங்களைக் கேளுங்க, தன் பேர்ல காசு வர்றதே வேண்டாம்னு சிலர் சொல்வாங்க, அந்த முடிவை மதிக்கணும், வற்புறுத்தக் கூடாது.

18 வயசுக்குக் கீழ பொண்ணுங்களைத் தங்க வைக்கற எண்ணம் இருந்தா நிறுத்தி யோசிங்க. 2014-ம் வருஷ தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் சட்டத்துல உரிமம், 2015-ம் வருஷ சிறார் நீதிச் சட்டத்துல பதிவு, இதெல்லாம் இல்லாம பெத்தவங்க சம்மதக் கடிதத்தை மட்டும் நம்பி வெச்சுக்கறது அந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு இல்ல, மடத்துக்கும் இல்ல. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல முதல்ல பேசுங்க. சின்ன மடம் முதல் அஞ்சு வருஷம் பெரியவங்களோட மட்டும் ஓடட்டும்ங்கறது என் நிலைப்பாடு.

10. நிலமும் கட்டட அனுமதியும்

வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ பதிவேடு நாலும் பாக்காம தானம் வாங்காதீங்க. பஞ்சமி நிலமா, புறம்போக்கா, நீர்நிலையான்னு விஏஓ கிட்ட எழுத்துல கேளுங்க. பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்குன்னே குடுத்தது, அது வேற கை மாறியிருந்தா நாம அதுல கட்டறது நியாயமும் இல்ல. தானப் பத்திரம் ட்ரஸ்ட் பேர்ல எழுதறப்போ குடும்பத்துக்குள்ள எழுதற சலுகைக் கட்டணம் பொருந்தாது, முழு முத்திரைத் தீர்வைக்கு காசு ஒதுக்கி வெச்சுக்கோங்க.

வெள்ளம் பாருங்க. 2011 டிசம்பர்ல தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல், அதுக்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணைல வந்தது, நாலு தடவையும் அந்த மனைல தண்ணி எவ்வளவு உயரம் நின்னுதுன்னு பக்கத்து வீட்டுப் பாட்டிங்களைக் கேளுங்க. கெடிலம், தென்பெண்ணைக் கரை மனை விலை குறைவா கிடைக்கும், வாங்காதீங்க. கடலுக்குப் பக்கத்துல 500 மீட்டருக்குள்ளன்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வேற குறுக்க வரும்.

தமிழ்நாட்டு விதில பொது வழிபாட்டுக்கோ சமய நோக்கத்துக்கோ கட்டடம்னா கலெக்டர் முன் அனுமதி வேணும். பஞ்சாயத்துல பிளான் அப்ரூவல் வாங்கிட்டோம், போதும்னு நினைக்கறது அடிக்கடி நடக்கற தப்பு. தாசில்தார் அறிக்கை, போலீஸ் அறிக்கை எல்லாம் வரணும், அக்கம்பக்கம் ஆட்சேபம் இருக்கான்னு விசாரிப்பாங்க. மூணாவது படில அத்தனை நாள் சாப்பாட்டு முறை ஓட்டினது இங்கதான் உதவும், விசாரிக்க வர்றவர் கிட்ட தெருவே பதில் சொல்லும். வீடுன்னு அனுமதி வாங்கிட்டு உள்ள பெரிய வழிபாட்டு ஹால் கட்டாதீங்க, ஒரு புகார் போதும், சீல் வைக்க. கரண்டுக்கும் அதேதான், வழிபாட்டு ஹாலுக்கு தனி டாரிஃப், தங்கற பகுதிக்கு வீட்டு இணைப்பு, ரெண்டையும் பிரிச்சு வாங்குங்க.

11. அரசு மானியம், இப்போதான்

மூணு வருஷம் ஆடிட் ஆன கணக்கு கையில வந்தப்புறம் மத்திய கலாச்சார அமைச்சகத்தோட பௌத்த, திபெத்தியக் கலை பண்பாட்டு வளர்ச்சி நிதியுதவித் திட்டத்துக்குப் போகலாம். ஒரு அமைப்புக்கு வருஷத்துக்கு 30 லட்சம் வரை வரம்பு, பௌத்த மடங்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு அமைச்சகத் தளத்துல வரும், அந்த வருஷ விதிகளைப் புதுசா படிங்க, போன வருஷ ஃபார்மை காப்பி அடிக்காதீங்க. விண்ணப்பத்துல "மடம் கட்ட உதவி"ன்னு பொதுவா எழுதினா நிக்காது. பாலி வகுப்பு, துறவிகளுக்குப் படிப்பு உதவித்தொகை, நூலகத்துக்குப் புத்தகம், ஆசிரியர் சம்பளம், பராமரிப்பு இப்படி தலைப்பு தலைப்பா, ஒவ்வொண்ணுக்கும் கொட்டேஷனோட எழுதுங்க.

காசு வந்தா தனிக் கணக்குல வையுங்க, செலவு முடிஞ்சதும் பயன்பாட்டுச் சான்று குடுக்கணும், அந்தப் படிவத்துக்கும் பேர் ஜிஎஃப்ஆர் 12-ஏ. வருமான வரி 12ஏ சான்றை இதுக்குப் பதிலா அனுப்பிட்டு அடுத்த தவணை வராம காத்திருக்கறவங்க உண்டு. ரெண்டும் வேற வேற.

அன்றாடச் சாப்பாட்டை ஒருநாளும் மானியத்துல வைக்காதீங்க. மானியம் தாமதமாகும், நிக்கும், திட்டமே மாறும். புத்தகம், சுவர், கூரை இதெல்லாம் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது.

எம்பி நிதி கேட்டு மனு குடுக்கறது வீண் அலைச்சல், வழிபாட்டு இடத்துக்குள்ளயும் மத அமைப்போட நிலத்துலயும் அந்த நிதியைச் செலவு பண்ண விதி அனுமதிக்கல. அதுக்குப் பதிலா மடத்துக்குப் போற தெருவுக்கு விளக்கு, வடிகால், குடிதண்ணிக் குழாய் கேளுங்க. கடலூர்ப் பக்கம் கிராம சபைல தீர்மானம் போடலாம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூடும். தெருவுக்கே நன்மைன்னு கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போடுவாங்க. புதுச்சேரில பாகூர், அரியாங்குப்பம் மாதிரி கொம்யூன்ல ஆணையர் கிட்ட மனு.

பௌத்தர் 1993-லயே மத்திய அரசு அறிவிச்ச சிறுபான்மையினர், அதனால கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல உங்க மடத்தோட பேரையும் பொறுப்பாளர் நம்பரையும் குடுத்து வையுங்க. அம்பேத்கர் பௌத்தம் ஏத்த நாக்பூர் தீக்‌ஷா பூமிக்கு விஜயதசமிப் பயணம் போறவங்களுக்கு தமிழ்நாடு அரசு ஆளுக்கு 5,000 ரூபாய் வரை மானியம் குடுத்திருக்கு, அந்த மாதிரி அறிவிப்பு முதல்ல அங்கதான் வரும், முறை நோட்டுல இருக்கற குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

நெய்வேலி, கடலூர் சிப்காட் கம்பெனிகளோட சிஎஸ்ஆர் நிதி (சமூக நலனுக்கு ஒதுக்கற பணம்) சமயக் காரியத்துக்கு வராது. ரெண்டாவது ட்ரஸ்ட், அதுக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் இருந்தா மருத்துவ முகாமுக்கும் நூலகத்துக்கும் கேக்கலாம்.

12. வருஷ நாட்காட்டி போடறப்போ

மழைக்கால வாசம் ஜூலை பௌர்ணமிக்கு அடுத்த நாள்லேர்ந்து அக்டோபர் பௌர்ணமி வரைக்கும். நம்ம கடலூர் மழை அதுக்கப்புறம்தான் வரும். கதின சீவர தானம், அதாவது வாசம் முடிச்ச துறவிகளுக்குத் துறவு ஆடை குடுக்கற விழா, அக்டோபர் பௌர்ணமிக்கும் நவம்பர் பௌர்ணமிக்கும் நடுவுல, சரியா புயல் சீசன்ல. அதனால பந்தல் போட்டு கதினம் வைக்காதீங்க, மண்டபமோ ஸ்கூல் ஹாலோ பாருங்க, மாத்து நாள் ஒண்ணும் அந்த ஒரு மாசத்துக்குள்ளயே குறிச்சு வையுங்க, மாசம் தாண்டினா கதினம் இல்ல. பெரும்பாலான தேரவாத மரபுல கதினத்துக்கு அஞ்சு துறவிகள் சேர்ந்த சங்கம் வேணும், ரெண்டு பிக்குணி மட்டும் இருந்தா சீவரம் தானமா குடுக்கலாம், கதினம்னு நோட்டீஸ் அடிக்காதீங்க.

கூரை, ஓடு, வடிகால் வேலை எல்லாம் ஆகஸ்ட்டுக்குள்ள முடிச்சுடுங்க. வாசக் காலத்துல பிக்குணிகள் இடத்தை விட்டு வெளிய தங்கறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, ஆபத்துன்னா போகலாம், ஆனா கூரையைப் பிரிச்சுப் போட்டு அவங்களை அந்த நிலைமைக்குத் தள்ளக் கூடாது. அக்டோபர் ஆரம்பத்துலயே பதினஞ்சு நாளைக்கு மளிகை, குடிதண்ணி கேன், டார்ச், மருந்து குழு ஸ்டோர்ல இருக்கணும், ஆதார், பட்டா, பத்திர நகல் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல் பரண்ல. ரெட் அலர்ட் வந்தா எந்த வீட்டு மாடிக்கு அம்மாங்க போகணும், யார் வந்து கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு பெண்கள் பேர் எழுதி சமையல் கட்டுச் சுவத்துல ஒட்டுங்க, அந்த ரெண்டு பேரும் அன்னிக்கு ஊர்ல இருக்கறவங்களான்னு செப்டம்பர் கடைசில ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.